உங்களுக்காக நான் தெரிவுசெய்த துப்பாக்கி

அண்ணை,

பழைய குளிர்காலக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் பைகளைத் துழாவினேன். உள்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. என் கையெழுத்துதான். அகலம், எடை, குழலின் நீளம், எத்தனை குண்டுக்கு ஒருமுறை சிக்கும். பத்துக் கைத்துப்பாக்கிகளின் பெயர்கள். ஒன்றின் கீழே மட்டும் இரண்டு கோடுகள். இந்தத் தாளை நான் உங்களிடம் காட்டவேயில்லை.

கோட்-டெ-நெய்ஜில் உங்கள் டெபனேருக்குள், அந்தச் சின்ன மூலைக்கடைக்குள், இரண்டாம் தடவையும் திருடர்கள் கத்தியோடு வந்து சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, கதவு மணி கிணுங்கும்போதெல்லாம் உங்கள் தோள் தூக்கிப்போடும். அப்படி ஒரு நாள்தான், நான் வாங்கிய பாலைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்.

"தங்கச்சி, நீர் பிளேன் எஞ்சின் எப்ப பழுதாகும் எண்டு பாக்கிற ஆள்தானே? எனக்கு ஒரு பிஸ்டல் பாத்துச் சொல்லும். சின்னதா இருக்கவேணும், ஸ்வெற்றருக்குக் கீழ தெரியக்கூடாது. அமத்தினா வெடிக்கவேணும், சிக்கப்படாது."

அரிசிப் பை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, உங்கள் மனைவி, நிமிராமலே சொன்னார்: "ஸ்வெற்றருக்குள்ள உங்கட வயிறே அடங்குதில்லை, அதுக்குள்ள துவக்கு வேறயோ?"

"நீ சும்மா இரப்பா. நான் எஞ்சினியரோட கதைக்கிறன்."

"ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரிய இங்க விடமாட்டாங்கள் அண்ணை," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதோ? எது நல்லதெண்டுதானே கேட்டனான்."

கைத்துப்பாக்கி விற்பனையை அரசு நிறுத்துவதற்கு முந்திய காலம் அது. நீங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து உரிமமும் எடுத்திருந்தீர்கள். அதுவரை எல்லாம் ஒழுங்குப்படிதான்.

உங்களுக்குப் பயமா என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். மூத்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று பட்டது. அதனால், லொங்குய்யில், விமான எஞ்சின் தொழிற்சாலையில், என் மேசைக்கு வரும் உதிரிப்பாகத்தைப் போல உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டேன். மூன்று வார இறுதிகள் வாசித்தேன். துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக உள்ளிருக்கும் சுருள்வில் இறுக்கமாகும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் சிக்கும். உடுப்பின் பஞ்சு புகுந்தாலும் சிக்கும். மிக இலேசானது மிக நம்பகமானது அல்ல. பாதிக்கு மேற்பட்டவை, குழல் கட்டை என்பதற்காகவே இங்கே தடைசெய்யப்பட்டவை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் நல்லது ஒன்று அகப்பட்டது. கொஞ்சம் தடிப்பு, ஆனால் சிக்காது.

தாளை மடித்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நான் கதவைத் திறந்ததும் மணி கிணுங்கியது. உங்கள் தோள் தூக்கிப்போட்டது. கை கல்லாவுக்குக் கீழே போனது. அங்கே எதுவும் இல்லை; இருந்திருந்தால் அதன் குழல் என் பக்கம் திரும்பியிருக்கும். வந்தது நான் என்று கண்டபின்தான் சிரித்தீர்கள். என் பட்டியலில் அந்தத் தோளுக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பாத்திட்டன் அண்ணை. சின்னது ஒண்டும் சரியில்லை. எல்லாம் சிக்கும்."

"எல்லாமோ?"

"ஓம், எல்லாம்."

"நீர் சொன்னாப் பேந்தென்ன," என்றுவிட்டு லொத்தர்ச் சீட்டுகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டீர்கள். பிறகு அந்தக் கதையை நீங்கள் எடுக்கவே இல்லை. உங்களைத் தடுத்தது சட்டம் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. என் சொல்லை நம்பித்தான் விட்டீர்கள்.

போன மாசியில் ஒருவன் வந்தான். உங்களைத் தள்ளினான். குளிர்பெட்டியின் விளிம்பில் தலை அடிபட்டது. மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீடு முடிந்த கிழமை அக்கா கடைக் கமெராவின் பதிவை என் தொலைபேசிக்கு அனுப்பினார். பிறகு நேரில் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் குசினியில் நின்று கேட்டார்.

"நீர் படிச்சனீர். பாத்துச் சொல்லும். அவரிட்ட அந்தச் சாமான் இருந்திருந்தா, எடுத்திருப்பாரோ?"

"இல்லை அக்கா. நேரம் இருக்கேல்லை."

"உண்மையாத்தானோ?"

"உண்மையா."

வேலையில் இப்படி அறுதியாக ஒரு வாக்கியம் நான் எழுதியதில்லை. அக்கா கதிரையில் இருந்து அழுதார். அந்த அழுகையில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது என்று நினைக்கிறேன், இல்லாமலும் இருக்கலாம்.

நேரம் இருந்தது, அண்ணை. அவன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றதிலிருந்து உங்களைத் தள்ளும்வரை பதினொரு நொடி. ஸ்வெற்றரைத் தூக்கி எடுக்க அதில் கால்வாசி போதும். அக்காவிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தப் பதினொரு நொடியும் உங்கள் இரண்டு கைகளும் கல்லாவின் மேல் விரிந்தபடியே இருக்கின்றன. தோள் தூக்கிப்போடவில்லை. அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஏதோ சொல்கிறீர்கள். பதிவில் சத்தம் இல்லை. பிரெஞ்சா, ஆங்கிலமா என்றுகூட உதட்டிலிருந்து பிடிபடவில்லை. எட்டாவது நொடியில் அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். அவன் என்ன சொன்னான் என்று தெரியாமல்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.