ஜிஷாவின் கதையில் வந்த அம்மா

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்புக்கு வீட்டில் காத்திருந்த இருதயம்மாள், மகள் ஜிஷா எழுதிய கதையைக் கல்லூரி மலரில் படித்தாள். கதையில், பொய் சொன்னதற்காக அம்மா இருட்டறையில் பூட்டிய சிறுமி, வளர்ந்து தன் மகளையும் பூட்டுகிறாள். பெயர்கள்தான் வேறு, அறை இந்த வீட்டினுடையது. தூங்கும் மகளை எழுப்பத் துணியாமல் சீட்டு எழுதினாள்:

"ஜிஷா, கப்பைக்கிழங்கு வேகவச்சிருக்கேன். வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு ஷிஜி அக்காகிட்ட குடு. உன் கதையப் படிச்சேன். என்னையும் எங்கப்பா அப்பிடித்தான் பூட்டுவாரு. அது தெரிஞ்சும் உன்னையப் பூட்டுனேன். நீ கதவத் தட்டுன சத்தம் இப்பவும் எனக்குக் கேக்கு."

ஜீப் ஹாரன் அடித்தது. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கதையோட முடிவ மட்டும் மாத்து, தாயி. நீ உம்புள்ளையப் பூட்டமாட்ட."