வெள்ளையா மஞ்சளா

8 ஜூன் 1996, சனி

இங்கே கனடாவில், ஒஷாவா விமான நிலையத்தில் இன்று இரண்டு பழைய இராணுவ விமானங்களைப் பார்த்தோம். நான் பொழுதுபோக்காக ஓட்ட ஒன்றைத்தான் வாங்கலாம். வெள்ளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்குப் பிடித்த மஞ்சளை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

அது முழங்கியதும் என் மனைவி சுகந்தி புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதுகளைப் பொத்தி, சால்வை நுனியைப் பல்லில் கடித்தபடி. யாழ்ப்பாணத்தில் குண்டு போடப் பொம்மர் விமானம் வந்தால் அப்படித்தான் படுப்பார்களாம். நான் குண்டு விழத் தொடங்குமுன்பே இங்கு வந்தவன். அவள் வந்தது போன வருடம்.

விற்பவர் பதறினார். என் காதைத் தொட்டுக் காட்டி, தோடு விழுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன். எழும்பியவள் காதைத் தொட்டிருந்த என் கையைப் பார்த்தாள். உடனே புல்லைத் தடவித் தேடத் தொடங்கினாள்.

காரில் திரும்பினோம். வீடு நெருங்கியபோது, "வெள்ளையையே எடுப்பம்," என்றேன்.

"ஏன்? மஞ்சளை எடுங்கோ. உது நல்லாப் பதிஞ்சு குத்திப்போட்டு எழும்பும். சத்தத்திலேயே தெரியுது."

அது தாழப் பாய்ந்து சட்டென மேலெழும்பும் என்று விற்பவரும் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை.