கோப்பு கடைசியாக மாறிய நேரம்

அன்று நீ ஏன் மறுத்துப் பேசவில்லை?

போன வாரம் பைத்தான் நிரலாக்க வகுப்பில் ஒரு மாணவி திரையைக் காட்டினாள். "மேடம், போன வருஷத்து ஃபைல்கூட இன்னிக்கு மாத்தினதா காட்டுது. நான் காப்பி மட்டுந்தான் பண்ணேன்." அவள் எழுதியிருந்தது shutil.copy என்ற கட்டளை. அது உள்ளே இருப்பதை எடுத்துவரும். பழைய நேரத்தை எடுத்துவராது. அதற்கு copy2 வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் பென் டிரைவ் நினைவுக்கு வந்தது.

விடுதியில் நமக்கு ஒரே அறை. படிப்பு முடிந்ததும் நான் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டேன். நீ மரக்காணத்துக்குத் திரும்பி அப்பாவின் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டாய். எங்கள் துறை அறிக்கைக்காக ஒரு பருவம் முழுவதும் காலையில் பாத்தியில் இறங்கி, உப்புநீரின் அடர்த்தியை அளந்து, நாளுக்கொரு கோப்பாக எழுதினாய். அவை உன் பெயரோடு அச்சாக வேண்டியவை. பென் டிரைவைத் தந்தபோது சிரித்தாய்: "பாருடி, உப்பு வார்றவ பேரு புக்குல வரப் போவுது. எங்க அக்கா நம்பவே மாட்டா."

அன்றே நானும் அதே shutil.copy கொண்டு நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவைத் திருப்பித் தந்தேன். சில வாரம் கழித்து, அந்த நகல்களை, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் os.path.getmtime கொண்டு சோதித்தேன். தேதியை மட்டும் காட்டும்படி எழுதியிருந்தேன். எல்லாவற்றிலும் நீ வந்துபோன அதே தேதி.

தொலைபேசியில் கேட்டேன்: "எல்லாத்தையும் ஒரே நாள்ல உக்காந்து எழுதிட்டியா?"

"உன் கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுதா?" என்றாய். பிறகு, "சரி, விட்டுடு."

உன் அளவீடுகளையும் பெயரையும் நீக்கினேன். இரண்டு கோப்புகளில் 'காய்ச்சல், பாக்கல' என்று மட்டும் இருந்தது. கற்பனையாக எழுதுபவள் ஏன் அந்த இடத்தை வெறுமையாக விடப்போகிறாள்? எனக்கு அது அன்று தோன்றவில்லை. அதன்பின் நாம் பேசவில்லை. போன தை மாதம் நீ இறந்துபோய்விட்டாய்.

கோப்பின் நேரம் சத்தியவாக்கு அல்ல. கணினியின் கடிகாரத்தைத் திருப்பினால் அதுவும் மாறும். அதை நான் வகுப்பில் வருடந்தோறும் சொல்கிறேன்.

வகுப்புக்கு மறுநாள் நடந்தது இது. மரக்காணம் போனேன். உன் அக்கா பீரோவிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தந்தார். நகலெடுக்காமல் அதிலேயே பார்த்தேன். கோப்புக்கொரு தேதி, நேரம் பெரும்பாலும் காலை எட்டுக்குள்.

"என்னம்மா, அவ எழுதினது சரியா இருக்குதா?"

"சரியா இருக்குதுக்கா. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"அத அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து துறைத்தலைவருக்கு எழுதினேன்: அளவீடுகள் உன்னுடையவை, நீக்கியது என் பிழை. தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. அறிக்கை அச்சாகிவிட்டது, திருத்தத் தாள் ஒன்று சேர்க்கலாம், பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அக்காவிடம் கேட்டேன். "இனிஷியல விட்டுடாதம்மா. எங்க அப்பா பேரு அது."

விடாமல் எழுதி அனுப்பினேன்.