திரையை அணைத்துவிட்டு எழுதியவை

ஜூன் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்கள் கணினி உதவி மையத்தில் எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்பார்களாமே. இதைப் படித்த உடனே அழித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை போன் செய்த பள்ளிக்கூடப் பெண் நான்தான். "கம்ப்யூட்டர் தானா பேசுது, எப்படி நிறுத்துறது?" என்று கேட்டேனே. நீங்கள், "நிறுத்தணுமா, இல்ல கொஞ்சம் மெதுவா பேசினா போதுமாம்மா?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தீர்கள்.

அன்று சொல்ல முடியாததை எழுதுகிறேன். எனக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. கரும்பலகை தெரியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது புத்தகத்திலும் வரியின் நடுவில் எழுத்துகள் காணாமல் போகின்றன. திரையில் எழுத்தைப் பெரிதாக்க எதையோ அழுத்தப்போய்த்தான் அது பேச ஆரம்பித்தது.

வீட்டில் தெரியாது. அத்தைக்கும், அதாவது அப்பாவின் அக்காவுக்கும், என் வயதில் இப்படித்தான் ஆனதாம். வகுப்பில் முதலாவதாக வந்தவரை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அவருக்குப் பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ. எழுந்தால் போதும், அப்பா ஓடி வந்து, "நீ உக்காருக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பார். அப்பா கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாசத்தை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது.

அது பேசுவதற்குத் தனியாக விலை உண்டா? என்னிடம் பணம் கிடையாது.

இப்படிக்கு,
முதல் பெஞ்சு


ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அழித்துவிட்டேன்.

விலை எதுவும் இல்லை. அது கணினியோடு கூடவே வந்தது. இத்தனை நாளும் உள்ளே வாய்மூடி உட்கார்ந்திருந்தது, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நானும் அதைப் பேசவிட்டுத்தான் உன் கடிதத்தைப் படித்தேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நீ நடுங்கி நடுங்கி எழுதியதை அது செய்தி வாசிப்பது போல வாசித்தது. மன்னித்துக்கொள், சிரித்துவிட்டேன்.

எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துப் பழகு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையை அணைத்துவிடு, அப்போதும் அது பேசும். எதற்கு எந்த விசை என்பதைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன்.

ஆனால் கண் டாக்டரிடமிருந்து ஒளியாதே. வீட்டில் ஒருவரிடமாவது சொல்.

உன் அக்கா


ஜூன் 23, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

திரையை அணைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கதவிடுக்கில் வெளிச்சம் போகாது. நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் குரல் காதில் சொல்லிக்கொண்டு வருகிறது. எத்தனை தடவை தப்பாக அடித்தாலும் அலுத்துக்கொள்வதில்லை. எங்கள் கணக்கு டீச்சருக்கு இதில் பாதிப் பொறுமை கிடையாது.

அறிவியல் வாய்மொழித் தேர்வில் எழுபத்தெட்டு, அக்கா. போன தடவை முப்பத்தொன்று. பாடம் எல்லாம் பள்ளியின் இணையதளத்தில் இருந்தது. காதாலேயே படித்தேன். ஒரு இரவு ஹெட்போன் கழன்று, அந்தக் குரல் 'ஒளிச்சேர்க்கை' என்று வீடு கேட்கச் சொல்லிவிட்டது. உயிரே போய்விட்டது. நல்லவேளை, யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது அத்தை, "ராத்திரியில பக்கத்து ரூம்ல எலி கொறிக்குதுடா. ஒரு நாள்கூடத் தப்புறதில்ல" என்றார். அப்பா அன்றைக்கே எலிப்பொறி வாங்கி வந்து என் கட்டிலடியில் வைத்தார். தினமும் காலையில் குனிந்து பார்த்து, "பலே கெட்டிக்கார எலி" என்கிறார். அதிலிருந்து மெதுவாகத்தான் தட்டுகிறேன்.

இன்று மாலை படியில் தடுக்கி விழுந்தேன். அப்பா முழங்காலுக்கு மருந்து போட்டார், ஆனால் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறையில் அம்மாவிடம் சொன்னது கேட்டது. "அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே ஸ்கூலுக்குப் போய்ப் பேரை எடுத்துடறேன். வீட்டுல பத்திரமா இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்." பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

ஒருவரிடமாவது சொல் என்றீர்கள். யாரிடம் சொல்வது என்று யோசித்தே நாளைக் கடத்திவிட்டேன்.

இருந்தாலும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நாளைக்கு என்ன ஆனாலும், இந்தப் பதினெட்டு நாள் "அதுல என்ன எழுதியிருக்கு?" என்று யாரிடமும் கெஞ்சாமல் படித்தேன். அன்றைக்கு நிறுத்தும் விசையை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதை நான் சாகும்வரை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால் முதலில் விளக்கைப் போடுவார். வெளியே இருட்டாகவே இருக்கிறது.

அத்தை. "எலியே, கதவைத் திற. எந்த ஊர் எலிடி ஒளிச்சேர்க்கை படிக்குது? லைட்டெல்லாம் போடாதே. உங்கப்பன் ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்குள்ள அந்தப் பொட்டி எப்படிப் பேசுதுன்னு எனக்குக் காட்டிக்கொடு. அவனை நான் பாத்துக்கிறேன்" என்கிறார்.

அக்கா, நான் போய்க் கதவை