ஏழாம் கல்

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் அம்மாவும் சின்னவளும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். போன வாரம் குவாரியில் பலகைக்கல் இறக்கும்போது வலது கை நடுவிரல் நசுங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை, தினமும் கட்டைப் பிரிக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். குளியலறைப் பின்சுவரில் நீ காட்டிய ஈரல்பாசி இன்னும் இருக்கிறது, வேரும் இல்லாமல் பூவும் இல்லாமல் பச்சைத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு. அம்மா சுரண்டப் போனால் சின்னவள் குறுக்கே நின்றுகொள்கிறாள்.

உன் கடிதத்தைச் சின்னவள்தான் படித்துக் காட்டினாள். குவாரியிலிருந்து நான் அனுப்பிய பதினொரு கல்லில் ஏழாம் கல்லில்தான் அந்தப் பாசியினத்தின் பழங்கால அச்சு தெளிவாக இருக்கிறது, அது பாறையில் எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்குக்குக் கீழே கிடைத்தது, ஆகவே சாம்பலைவிட மூத்தது, அந்த வயதை வைத்துத்தான் செடிகொடிகள் எப்போது கிளை பிரிந்தன என்று கணக்குப் போட்டிருக்கிறாய், மாதக் கடைசியில் கட்டுரையைக் கொடுக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன், "உம் பொண்ணு பாசிகிட்டப் போய் வயசு கேக்குறாளா, எனக்கே என் வயசு சரியாத் தெரியாதேப்பா" என்று சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். நீ சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு கல்லையும் பெயர்ப்பதற்கு முன்பே சாக்கட்டியால் குறி போட்டேன், சாம்பலுக்குக் கீழே என்றால் ஒரு கோடு, மேலே என்றால் இரண்டு. அதில் தவறு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, உன்னிடம் போகிற கல் மண்ணும் தூசியுமாகப் போக வேண்டாம் என்று வாளித் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியது நான்தான். கோடெல்லாம் போய்விட்டது. பிறகு ஞாபகத்தில் இருந்ததை வைத்து மறுபடி போட்டு அனுப்பினேன். ஏழாம் கல்லுக்கு ஒரு கோடுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. திரும்பப் போய்ப் பார்க்கலாம் என்றால் கல் பெயர்த்த அந்தப் பாறை முகப்பையே வெட்டி எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே லாரி நிற்கிறது. அந்தக் கல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு மகளே. மூன்று வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொல்கிறேன், அஸ்திவாரம் ஆடினால் மேலே எத்தனை மாடி கட்டி என்ன. உன் பேராசிரியர் திட்டினால் அப்பாவின் பிழை என்று சொல், என் மேல் போட்டுவிடு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அம்மா பின்னிய ஸ்வெட்டர் பார்சலில் வருகிறது, கை சற்று நீளம்தான், மடித்துவிட்டுக்கொள். எங்கிருந்தாலும் நீ தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, இது நான். அப்பா உறையை ஒட்டச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் கல்லைக் கழுவவே இல்லை. கழுவியது நான், மறுபடி கோடு போட்டதும் நான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் சொல்றத மட்டும் எழுதும்மா" என்றார், எழுதினேன். ஆனால் இன்னொரு தப்பான குறியை உனக்கு அனுப்ப மனசு வரவில்லை. நாலாம் கல்லை நான் கழுவவில்லை, அதற்குள் வாளித் தண்ணீர் கலங்கிவிட்டது, அப்படியே பழைய துண்டில் சுற்றி மற்ற கற்களோடு வைத்து அனுப்பினேன். அதிலும் அதே பாசியின் அச்சு உண்டு, நகமளவுதான் இருக்கும், சிறிது என்று நீ மறுபடி சுற்றி ஒதுக்கி வைத்திருப்பாய். அதில் இருப்பது குவாரியில் அப்பா முதலில் போட்ட கோடு. ஒன்றா இரண்டா என்று கேட்காதே அக்கா, ஞாபகத்திலிருந்து இனிமேல் எதுவும் சொல்ல மாட்டேன். துண்டைப் பிரித்து நீயே பார்.