புளியங்கரட்டைச் சுற்றிய ஆறு கல்

9-1-1936, வியாழன்

தொண்டை இன்னும் கட்டியே இருக்கிறது. செவ்வாயன்று இராசிபுரம் சந்தைத் திடலில் இரண்டு மணி நேரம் முழங்கியதன் பயன். "காடு நம் முன்னோர் காடு, அதனுள் நுழைய எவன் இசைவும் வேண்டா" என்றபோது எழுந்த கையொலி இன்னும் செவியில் நிற்கிறது. ராமாத்தாள் சுக்குநீர் கொடுத்தாள். "மலையெல்லாம் உங்க வாயிலதான் நிக்குது. ஒருக்காவாச்சும் ஏறிப் பாத்திருக்கீங்களா?" என்றும் கேட்டாள். மனைவியின் ஏளனம்; ஆனால் உண்மை. புளியங்கரட்டை யான் கண்டதெல்லாம் தமிழாசிரியனாக நிற்கும் வகுப்பறையின் சாளரம் வழியாகத்தான்.

ரேஞ்சர் குழந்தைவேல் ஞாயிறன்று கரட்டைச் சுற்றிக் காட்ட அழைத்திருக்கிறார். தமிழ் மன்றத்தில் என் உரைக்கு மயங்கியவர். சந்தைப் பேச்சை அறியார். காட்டைக் காவல் செய்பவருடனா செல்வது? சற்றே உறுத்துகிறது. ஒப்புக்கொண்டேன்.

12-1-1936, ஞாயிறு

கரட்டடியிலுள்ள காவற்கொட்டகையில் தொடங்கி, கரட்டைச் சுற்றி, அதே கொட்டகைக்கு மீளும் தடம். ஆறு கல் தொலைவு. வறண்ட ஓடையை ஒட்டி ஏற்றம். அப்பால் இரு முகடுகளுக்கிடையே ஒரு கணவாய். அங்கிருந்து கிழக்கே கொல்லிமலை நீலமாய்க் கிடந்தது. மேற்குச் சரிவில் மூங்கில், ஒரு சுனை, வழுக்கும் பாறை.

வழித்துணையாக வந்த காட்டுக்காவலன் ரங்கனிடம் ஒரு மரத்தின் பெயரைக் கேட்டேன். அவன் என்னை வியந்து பார்த்தான்.

"வேங்கைங்க சாமி."

மேடைதோறும் வேங்கையென முழங்கியவன், வேங்கையின் கீழே நின்று பெயர் கேட்டேன். ரேஞ்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். புதுச்செருப்பு குதிகாலைக் கடித்தது.

நண்பகலில் கொட்டகைக்கு மீண்டோம். அங்கே—

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

13-1-1936, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

நேற்று விடியலில் ரேஞ்சர் கொட்டகைக்குள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். யான் புளியமரத்தடியில் தனியே நின்றேன். கயிறும் கொடுவாளுமாக ஒரு பெண் வந்தாள். ஐம்பது அகவை இருக்கும். குப்பாயி என்பது பெயர். அதைப் பின்னரே அறிந்தேன்.

"ஏனுங்க, சந்தையில பேசுனவங்க நீங்கதானுங்களே?"

"ஆம் அம்மா."

"மக பெத்துக் கெடக்கறாளுங்க. வெந்நி வெக்க ஊட்டுல ஒரு குச்சி இல்ல. நெசமாலுமே உள்ள போலாமுங்களா? பாரஸ்டு கார்டு புடிச்சா?"

"அஞ்ச வேண்டா. கேட்டால் என் பெயரைச் சொல்."

என் பெயரைச் சொல்! எத்துணைப் பெருமிதம்! அவள் என் பெயரை இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பின்பக்கத்து ஒற்றையடித் தடத்தில் ஏறினாள்.

நண்பகலில் மீண்டபோது அவள் கொட்டகை வாயிலில் குந்தியிருந்தாள். அருகே விறகுக்கட்டு. மற்றொரு காவலன் கொடுவாளைப் பிடுங்கி வைத்திருந்தான். "ஐயா, இவ இவங்க பேரச் சொல்றாளுங்க. இவங்கதான் போகச் சொன்னாங்களாமா," என்று என்னைக் காட்டினான்.

ரேஞ்சர் திரும்பினார். "ஐயாவுக்கு இந்தம்மாவைத் தெரியுமுங்களா?"

ஒரு நொடி. என் வேலை, ரேஞ்சரின் மதிப்பு, சிறை — எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து நின்றன.

"இவளை நான் பார்த்ததே இல்லை."

குப்பாயி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சினம் இல்லை. சினந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு ரேஞ்சரிடம் சொன்னாள்: "ஆமாங்க. இவிங்க இல்லீங்க. அவரு இன்னும் ஒசரமா இருந்தாரு."

என்னடா மனிதன் நீ? வாய் இருந்ததே, ஊரையே அதிரவைக்கும் வாய்! அங்கே எங்கே போய்த் தொலைஞ்சுது?

நாமக்கல் சிறைக்கொட்டடிக்கு அவளை நடத்திச் சென்றனர். யான் ரேஞ்சரின் வண்டியில் வீடு வந்தேன். அவர் இளநீர் வாங்கித் தந்தார். குடித்தேன்.

14-1-1936, செவ்வாய்

பொங்கல். அடுப்பு நன்றாக எரிந்தது. விறகு எந்தக் கரட்டிலிருந்து, எவள் தலையில் வந்ததோ. உண்ண இயலவில்லை. ராமாத்தாளிடம் அனைத்தையும் சொன்னேன். எரியும் விறகை அடுப்பினுள் தள்ளினாள். பிறகு, "அந்தப் புள்ளைக்கு ஆரு வெந்நி வெக்கறாங்க?" என்றாள். அதை யான் எண்ணியிருக்கவே இல்லை. அவள் இரண்டு கட்டு விறகை ஆள் தலையில் ஏற்றி, தானும் குப்பாயியின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

17-1-1936, வெள்ளி

அம்மாபேட்டைக் கூட்டம். "அஞ்சாமை" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. உடல்நலம் இல்லையென்று கூறி அமர்ந்தேன். அதற்கும் கைதட்டினர்.

20-1-1936, திங்கள்

நாமக்கல் வழக்குமன்றம், குப்பாயியின் வழக்கு. எவரும் அழைக்காமலே எழுந்து நின்றேன். "காட்டிற்குள் செல்லுமாறு இவ்வம்மையாரிடம் கூறியவன் யான். பிடிபட்டால் என் பெயரைச் சொல்லுமாறு கூறியவனும் யானே. அன்று ரேஞ்சரிடம் பொய்யுரைத்தேன்."

"உரக்கப் பேசுங்கள்," என்றார் நடுவர். என்னைப் பார்த்து!

மீண்டும் கூறினேன். பின்வரிசையில் ரேஞ்சர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

நடுவர் குப்பாயியை வினவினார்: "இவர்தானா?"

அவள் என்னை மேலும் கீழும் அளந்தாள். "இவருதானுங்க. ஒசரந்தான் கொறவு."

மன்றம் சிரித்தது. எனக்கு அது போதாத தண்டனை.

அவளை எச்சரித்து விடுவித்தனர். கொடுவாளைத் திருப்பித் தரவில்லை. என்மீது தனி வழக்கு வருமாம்.

23-1-1936, வியாழன்

பள்ளியிலிருந்து ஓலை. இனி வரவேண்டா என்று.

2-2-1936, ஞாயிறு

இராசிபுரத்துக் கொல்லரிடம் ஒரு கொடுவாள் வாங்கிக்கொண்டு குப்பாயியின் ஊருக்குப் போனேன். ராமாத்தாளும் வந்தாள், பேறுற்ற பெண்ணின் அருகில் உரிமையோடு போய் அமர்ந்தாள். குழந்தை உறங்கியது.

குப்பாயி வாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இதுல மோரு கூட அறுபடாதுங்க சாமி. எவன் உங்கள ஏமாத்துனான்?" என்று கல்லில் தீட்டத் தொடங்கினாள்.

பிறகு எல்லைக்கல்லுக்கு வெளியே, வெளிப்பக்கமாகவே கரட்டைச் சுற்றினோம். இத்தடத்தில் நிழல் இல்லை. அவள் வேலஞ்சுள்ளி வெட்டினாள், யான் பொறுக்கினேன். 'பொறுத்துக்கொள் அம்மா' என்னும் சொல் வழியெங்கும் நாவின் நுனியில் இருந்தது. வெளிவரவில்லை. இன்றும்.

சிறிய கட்டொன்றை என் தலையில் ஏற்றிவிட்டாள். கழுத்து நடுங்கிற்று.

"நிமிந்து நடங்க சாமி. குனிஞ்சா சொமை உழுந்துரும்."

கொட்டகை வாயிலில் ரங்கன் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். யானும் அவனைப் பார்த்துக்கொண்டே கடந்தேன்.