இடிந்த சர்ச்சுக்குள் கேட்ட குரல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பதறாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் அத்தை ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்துக் கிளம்பினவள் வீடு வந்து சேரவில்லை. மறுநாளும் ஆளைக் காணோம். அப்பா பஸ் ஸ்டாண்டு, போலீஸ் ஸ்டேஷன் என்று நாயாய் அலைந்தார். வீட்டுச் சண்டைக்குப் பிறகு அவளும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனாலும் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் தையல் கம்பெனி விட்டு, பொத்தான் வைக்கிறவளோடு இடிந்த சர்ச் வழியாக வந்தேன். பின்னால் ஆளுயரக் கற்கள் வரிசையாக நிற்குமே. தெரிந்தவர் குரலில் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று கூப்பிடும், பதில் சொன்னவர்கள்தான் அப்படிக் கல்லாகி நிற்கிறார்கள் என்று உன்னைக்கூடப் பயமுறுத்தினார்களே, அதே இடந்தான். அதனாலேயே அங்கே மட்டும் ஒருத்தரும் தேடவில்லை. ஒரே மூட்டம், தூறல். திடீரென்று சுவருக்குள்ளிருந்து அண்ணீ என்று ஒரு குரல். பொத்தான்காரி என் கையை இறுக்கி, அக்கா வாயைத் திறக்காதீங்க, திரும்பிப் பார்க்காம நடங்க என்கிறாள். மறுபடியும் அண்ணீ. என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதானே. கல்லானால் ஆகிறேன் என்று, எங்கேடி இருக்கே என்று கத்திவிட்டேன். கையை உதறிக்கொண்டு உள்ளே போனேன், கால் இரண்டும் கனக்கிறது, எடுத்து வைக்க முடியவில்லை, சத்தியமாகக் கல்லாகிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் தரை உள்வாங்கிக் கிடந்தது, பள்ளத்தில் வெள்ளை யூனிஃபார்ம். பொத்தான்காரி ஓடி ஆள் கூட்டி வரும்வரை பள்ளத்தில் இறங்கி உன் அத்தை தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்கு ஒதுங்கினாளாம், தரை அப்படியே உடைந்துவிட்டதாம்.

கால் முறிந்திருக்கிறது, வேறு ஆபத்தில்லை. இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள், தலையணை சரியில்லை, விளக்கில் கண் கூசுகிறது என்று அதிகாரம் தூள் பறக்கிறது. ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் எங்கே கூப்பிட்டேன், நினைவில்லாம கிடந்தேன், உங்க குரல் கேட்டுத்தான் அண்ணி கண்ணே திறந்தேன் என்கிறாள். மயக்கத்தில் முனகியிருப்பாள் என்று அப்பா சிரிக்கிறார். இருக்கலாம். யார் கூப்பிட்டால் என்ன, போனேனே, அது போதும். ஆனால் அந்த வழியில் இப்போது நடப்பதில்லை, சுற்றித்தான் வருகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மழை வந்தால் நனைந்தாலும் பரவாயில்லை, பாழடைந்த கட்டடத்தில் ஒதுங்காதே. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் போடு, சண்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

உன் அம்மா